மதிய மாத்திரை

மரக்காணம்
9 மார்ச் 2025

அம்சவள்ளி அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். வியாழக்கிழமை எங்கள் உப்பளத்து வரப்பில் நின்று நீ போட்ட சத்தத்துக்கு நல்ல தெம்பு வேண்டும்.

உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். அதனால்தான் கடிதம். சரண்யா போனிலிருந்து வாய்ஸ் மெசேஜ் போடலாம்தான். ஆனால் நீ கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாய். பூரி சாப்பிட வந்தவனும் தாலுகா ஆபீசில் மனு கொடுக்க வந்தவனும் என் வயிற்றைப் பற்றித் தெரிந்துகொண்டு போவார்கள். காகிதம் என்றால் நீ ஒருத்திதான் படித்தாக வேண்டும்.

அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து பார். நாங்கள் உப்பு வாரிக்கொண்டிருக்கிறோம். ரோட்டில் கார் வந்து நிற்கிறது. செருப்புக் காலோடு நீ வரப்பில் இறங்கி வருகிறாய். "ஏறுடி வண்டியில. ஆஸ்பத்திரியில சொல்லி வச்சாச்சு, நாளைக்கே ஆபரேஷன்" என்று என் கையைப் பிடித்து இழுக்கிறாய். நான் வரமாட்டேன் என்றதும் அங்கே இருந்த அத்தனை பேரையும் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்கம்மா, இவளுக்கு வயித்துல கேன்சர். அறுத்து எடுக்காம மாத்திரை முழுங்கப் போறாளாம்" என்று கத்துகிறாய்.

அக்கா, என் வீட்டுக்காரர், என் மகள் சரண்யா, நீ. மூன்று பேருக்குத்தான் சொல்லியிருந்தேன். மற்றவர்களுக்கு எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்று நானே முடிவு செய்ய நினைத்திருந்தேன். அதை நீ என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய். எனக்கு ஆறவே இல்லை.

புதுச்சேரி டாக்டரம்மா என்னை ஏமாற்றவில்லை. என் இரைப்பையில் ஒரு கிருமி பல வருஷமாகக் குடியிருக்கிறது. அதை விரட்ட உடம்பு வெள்ளை அணுக்களை அங்கே கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கூடியவற்றில் சில அடங்காமல் பெருக ஆரம்பித்துவிட்டன. அதற்கு லிம்போமா என்று பெயர். அதில் பல ரகம் இருக்கிறதாம். என்னுடையது மெதுவாக வளர்வது, அந்தக் கிருமி இருக்கும்வரைதான் அதற்குத் தீனி. கிருமியைக் கொன்றால் பல பேருக்குத் தானாகவே வற்றிவிடுகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், வெளியே எங்கும் பரவவில்லை. அதனால் முதலில் இரண்டு வாரம் கிருமிக்கு மாத்திரை. பிறகு காத்திருந்து, மறுபடி குழாய் விட்டுப் பார்ப்பது. "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்லமாட்டேன். கேக்கலன்னா அடுத்த வைத்தியம் இருக்குது. ஆனா மொதல்ல இதுதான்" என்று சொன்னார்கள். எனக்கு அது நன்றாகவே விளங்கியது. கால்வாயை அடைத்தால் பாத்தியில் உப்பு விளையாது.

என் வயிறு. அதை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்று நான்தான் சொல்வேன். இனிமேல் வண்டி கொண்டு வராதே.

மலர்கொடி


வானூர்
15 மார்ச் 2025

அடியே மலரு,

போஸ்ட்மேன் உன் கடிதத்தைக் கடையிலேயே கொடுத்தார். கொடுத்துவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தார். அவர் எழுந்து போகும்வரை பிரிக்காமல் மடியில் வைத்திருந்தேன். அந்த அளவு மரியாதை எனக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்தோடு விட்ட எழுத்து. நான்கு வரிக்கே கை வலிக்கிறது. போனை எடுத்தால் முடிந்துபோகும் காரியத்துக்கு என்னை இப்படி உட்கார வைத்துவிட்டாய்.

கால்வாயை அடைக்கிறாளாம். உன் வயிறு பாத்தி இல்லையடி. பாத்தி பாழானால் பக்கத்தில் வேறு பாத்தி கட்டலாம்.

நம் மாயவன் அண்ணன் எப்படிப் போனான் என்று மறந்துவிட்டாயா? நெஞ்செரிச்சல் என்றான், சோடா வாங்கிக் கொடுத்தோம். வயிறு உப்புகிறது என்றான், ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தோம். "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்றோம். பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். சோறு இறங்காமல் போன பிறகு தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாரே, நீயும்தானே பக்கத்தில் நின்றாய். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. இன்னொரு டாக்டர் முன்னால் நின்று அதே கேள்வியைக் கேட்க என்னால் முடியாது.

அதனால்தான் கத்தினேன். ஊர் சேர்ந்து சொன்னால் கேட்பாய் என்று நினைத்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். உன் உயிர் எனக்கு உன் கோபத்தைவிடப் பெரிசு.

உன் மாமாகூடக் கேட்கிறார், "மாத்திரையில போற நோய்க்கு எவனாச்சும் கேன்சர்னு பேர் வைப்பானா?" என்று. நான் ஆபரேஷன் தேதியைத் தள்ளித்தான் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

உன் வீட்டுக்காரர் தேவா தம்பி இந்தப் பக்கம் வந்தார். இட்லிப் பொடி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். காரம் போடவில்லை.

அம்சவள்ளி


மரக்காணம்
6 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

பொடி வந்தது. காரமில்லாத பொடியைப் பொடி என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை. ஆனால் அதன் ருசியும் இப்போது எனக்குத் தெரியாது. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வாயில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தது போல இருக்கிறது. நாக்கு கறுத்துவிட்டது. முன்பே சொல்லித்தான் கொடுத்தார்கள், அதனால் பயமில்லை. காலை, மதியம், மாலை, படுக்கும்போது என்று நான்கு வேளை. நேற்றோடு முடிந்தது. இனி சில வாரம் கழித்துப் போய் ஒரு பையில் ஊத வேண்டும். கிருமி செத்ததா இல்லையா என்று மூச்சிலேயே தெரிந்துவிடுமாம்.

மாயவன் அண்ணன் கதையைச் சொல்லி என்னை அழ வைத்துவிட்டாய். ஆனால் அண்ணனுக்கு என்ன நோய் என்று தெரியாமல் சும்மா இருந்தோம். எனக்கு என்ன என்று தெரிந்துகொண்டு காத்திருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். என் வயிற்றுக்குள்ளே குழாய் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. அண்ணன் வயிற்றுக்குள்ளே நாம் ஓமத் தண்ணீரை மட்டும்தான் அனுப்பினோம்.

நீ போட்ட சத்தம் என்ன செய்தது என்று கேள். எங்கள் தண்ணீர் கேன் வரப்பில் ஈரச் சாக்கு போர்த்தி இருக்குமே, நீயும் வேலை செய்த இடம்தானே, உனக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரே சொம்பு, எல்லோரும் அண்ணாந்துதான் வாயை நனைப்போம். மறுநாள் பொன்னி தனி பாட்டிலோடு வந்தாள். அடுத்த நாள் கொளஞ்சியம்மாளும். கேன்சர் ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை, இது ஒரு கிருமியால் வந்தது என்று நான் விளக்கப் போனேன். போயிருக்கக்கூடாது. "கேன்சர் ஒட்டாதுன்னா சரி, கிருமி ஒட்டும்ல?" என்று கொளஞ்சியம்மாள் கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "ஒட்டும்தான். பெரும்பாலும் சின்ன வயசுலயே வீட்டுக்குள்ளயே ஒட்டிக்கும். நம்மள்ல பாதிப் பேருக்கு இருக்குதாம். உன் வயித்துலயும் இருந்தாலும் இருக்கும். ஆயிரத்துல ஒருத்திக்குக்கூட என்னை மாதிரி ஆகாது" என்றேன். அத்தனை பேரும் அவரவர் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார்கள். சிரிப்பு வந்தது. ஆனால் கேன் பக்கம் இன்னும் யாரும் வரவில்லை. நான் தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

இன்னொன்று. கூடப் பிறந்தவர்களும் பரிசோதனை செய்துகொண்டால் நல்லது என்று டாக்டரம்மா சொன்னார்கள். உனக்குக் கல்யாணம் ஆகும்வரை நீயும் நானும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம். கல்லாவுக்குக் கீழே ஒரு ரோஸ் கலர் மருந்து பாட்டில் வைத்திருக்கிறாயே, ஆள் இல்லாதபோது மூடியில் ஊற்றிக் குடிக்கிறாயே, அது எதற்கு? என் நோயை உப்பளம் முழுக்கச் சொன்னவள் உன் எரிச்சலை மட்டும் ஏன் ஒளித்து வைத்திருக்கிறாய்?

மலர்கொடி


வானூர்
20 ஏப்ரல் 2025

மலரு,

உளவு பார்க்கத்தான் வந்தாயா என் கடைக்கு?

அது வெறும் கேஸ். விடியற்காலையில் எழுந்து, சாம்பாரையும் சட்னியையும் ருசி பார்த்தே வயிற்றை நிரப்பிக்கொள்கிறவளுக்கு எரியாமல் குளுகுளு என்றா இருக்கும்? எனக்கு ஒன்றுமில்லை. நான் எந்தப் பையிலும் ஊதப் போவதில்லை.

உனக்குப் புரியாது. இது சாப்பாட்டுக் கடை. கடைக்காரிக்கு வயிற்றில் கிருமி என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், எதிர்க்கடையில் பந்தி போட இடம் இருக்காது, என் கடையில் ஈ ஓட்டுவேன். உன் மாமாவின் கால் விழுந்த பிறகு இந்த அடுப்பு ஒன்றுதான் எங்களுக்கு. அதை அணைக்கச் சொல்கிறாயா?

அது கிடக்கட்டும். உன் கடிதத்தில் ஒன்று இடித்தது. நான்கு வேளை மாத்திரை என்று எழுதியிருக்கிறாய். மதிய மாத்திரையை எப்படிப் போட்டாய்? சோறு தின்று, சொம்புத் தண்ணீர் குடித்துத்தானே போட வேண்டும்? உப்பளத்துக்குப் போகிற எந்தப் பெண் பகலில் சொம்புத் தண்ணீர் குடித்திருக்கிறாள்? நான் அந்த வெயிலில் நின்றவள். எனக்குத் தெரியாதா?

இதற்கு மட்டும் பதில் எழுது.

அம்சவள்ளி


மரக்காணம்
8 ஜூன் 2025

அக்காவுக்கு,

ரொம்ப நாளாக எழுதவில்லை. பதில் இல்லாமல் இல்லை. எழுதினால் நீ ஜெயித்ததாகிவிடும் என்று இருந்தேன்.

பையில் ஊதினேன். கிருமி சாகவில்லை.

நீ கேட்டது சரிதான். மதிய மாத்திரையை நான் மதியம் போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, வீட்டுக்கு வந்த பிறகு மாலை மாத்திரையோடு சேர்த்து விழுங்கினேன். மொத்தத்தில் கணக்கு சரியாக இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். நடுவில் விட்ட இடைவெளியில் அது தப்பிப் பிழைத்துக்கொண்டது. "மதியானம் ஏம்மா போடல?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். சொன்னேன். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளை வெளேரென்று உப்பு, ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை, ஈசிஆரில் போகிற ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் நாங்கள் தெரிவோம் என்று சொன்னேன். ஆண்கள் லாரிக்குப் பின்னால் போய்விட்டு வந்துவிடுகிறார்கள். நாங்கள் விடியற்காலையில் ஒதுங்கிவிட்டு வந்தால் வீடு திரும்பும்வரை வாயை நனைப்பதோடு சரி. அவர்கள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். திட்டவில்லை.

இப்போது வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இதிலும் மதியம் உண்டு. இதையும் கோட்டைவிட்டால் அப்புறம் எந்த மாத்திரை கேட்கும் என்று சொல்லமுடியாதாம். வயிற்றில் இருப்பது வளரவில்லை, குறையவும் இல்லை. அதனால் இன்னும் அவகாசம் இருக்கிறது என்று சொன்னார்கள்.

இவர், "ரெண்டு வாரம் வேலைக்குப் போகாத மலரு, வீட்ல உட்காந்து மாத்திரையப் போடு" என்கிறார். இந்த வெயிலில்தான் உப்பு நன்றாக விளைகிறது. இப்போது விட்டால் என் பாத்தியில் வேறு ஆளை இறக்கிவிடுவார்கள். அது மட்டும் இல்லை அக்கா. எனக்குக் கோபம் வருகிறது. நோய் வந்ததற்குக்கூட இவ்வளவு கோபம் வரவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் பயந்து மாத்திரையைத் தள்ளிப்போட்டேனே, அந்தப் பயத்தை எனக்கு வைத்தது யார்? நான் வீட்டில் உட்கார்ந்தால் எனக்கு மட்டும் தீரும். பொன்னியும் கொளஞ்சியம்மாளும் நாளைக்கும் அப்படியேதான் நாக்கு வறண்டு நிற்பார்கள்.

நான் வேலைக்குத்தான் போகப்போகிறேன். மதியம் மாத்திரையும் போடப்போகிறேன்.

மலர்கொடி


வானூர்
12 ஜூன் 2025

மலரு,

நான் கேட்டேன். நீ பதில் எழுதவில்லை. கிருமி பதில் சொல்லிவிட்டது.

இனி உன்னிடம் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. உன் கடிதத்தைப் படித்த அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ வரமாட்டேன் என்றால் தேவா தம்பியை வைத்துத் தூக்கிக்கொண்டு வருவேன். இந்தத் தடவை கத்தமாட்டேன், அது மட்டும் சத்தியம்.

துணிமணி எடுத்து வை.

அம்சவள்ளி


மரக்காணம்
18 ஜூன் 2025

அக்காவுக்கு,

நீ வருவதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல அன்றைக்கு நேரம் இல்லை, எனக்கு அவசரம் அப்படி.

சனிக்கிழமை நான் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "என் மதிய மாத்திரை ஏன் வேலை செய்யலன்னு தெரியுமா? நாம தண்ணி குடிக்காததாலதான்." பொன்னி தன் நீர்க்கடுப்பைச் சொன்னாள். இன்னொருத்தி சிறுநீரகக் கல்லைச் சொன்னாள். கொளஞ்சியம்மாள்தான், "நாளைக்கு மொதலாளி உப்பு பாக்க வருவாருல்ல. அவரு வரதுக்குள்ள ஆளுக்கு நாலு சொம்பு குடிப்போம்டி" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஞாயிறு காலையில் அவளே முதலில் என் கேனைச் சாய்த்தாள். என் கேனை. மார்ச் மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதை வேறு ஒருத்தி தொட்டாள். அண்ணாந்து குடித்துவிட்டுச் சொம்பை அடுத்தவளிடம் நீட்டினாள்.

சக்கரபாணி முதலாளி புல்லட்டில் வந்து இறங்கியபோது எல்லோருக்கும் வயிறு முட்டியிருந்தது. நான்தான் பேசினேன்.

"மொதலாளி, நாங்க எல்லாரும் நெறயத் தண்ணி குடிச்சிருக்கோம். இப்ப எங்க போறதுன்னு நீங்களே ஒரு எடத்தக் காட்டுங்க."

"என்னம்மா இது? பொம்பளைங்க பேசுற பேச்சா?"

"பேசாம இருந்துதாங்க வியாதி வாங்கிட்டோம்."

"சரி சரி, சீசன் முடியட்டும், பாக்கலாம்."

"சீசன் முடியுறவரைக்கும் தாங்காதுங்க. பத்து நிமிஷம்கூடத் தாங்காது" என்று பொன்னி சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பொய் என்று தோன்றாது.

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படின்னா உங்க வூட்டுக்குப் போறோம். அங்க இருக்குதுல்ல" என்று கொளஞ்சியம்மாள் நடக்க ஆரம்பித்தாள். நாங்கள் பின்னாலேயே நடந்தோம். வாருபலகையைக்கூடக் கீழே போடாமல் தோளில் வைத்துக்கொண்டு வந்தவளும் உண்டு.

அப்போதுதான் உன் கார் வந்தது. நீ இறங்கினாய். இவர் உன் பக்கத்தில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார். என்னைப் பிடித்து இழுக்கப் போகிறாய் என்று நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீ என்ன ஏது என்று ஒருத்தியிடம் கேட்டாய். கேட்டுவிட்டு நேராக வரப்புக்குப் போனாய், இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு. என் கேனில் மிச்சமிருந்ததைச் சொம்பில் பிடித்து ஒரே மூச்சில் குடித்தாய். "வாங்கடி, நானும் வரிசையில நிக்கணும்ல" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு நடந்தாய்.

முதலாளி வீட்டம்மா கதவைத் திறந்து எங்களைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஒருத்தர் ஒருத்தரா வாங்கம்மா" என்று உள்ளே விட்டுவிட்டு, வாசலில் நின்ற புருஷனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்கள். அதை எழுதினால் தபால்காரர் வெட்கப்படுவார்.

நேற்று மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் தகரம் அடித்துவிட்டார்கள். மேலே கூரை சரியில்லை. ஆனால் கதவு இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாளும் இருக்கிறது. இன்றைக்கு மதியம் சோறு தின்று, எல்லோரும் பார்க்கச் சொம்பு நிறையத் தண்ணீர் குடித்து, இன்றைக்குத் தொடங்கிய புது மாத்திரையைப் போட்டேன்.

நீ காரைக் காலியாகத் திருப்பிக்கொண்டு போனாய். உன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பொன்னி, "உங்க அக்கா நம்ம கேன்ல குடிச்சிட்டாங்க" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மலர்கொடி


வானூர்
24 ஆகஸ்ட் 2025

மலரு,

உன் கிருமி செத்துவிட்டது என்று சரண்யா சொன்னாள். கேட்டதும் கல்லாவிலிருந்து எழுந்துபோய் அடுப்படியில் நின்று அழுதுவிட்டு வந்தேன். வெங்காயம் நறுக்கினேன் என்று உன் மாமாவிடம் சொன்னேன். நம்பிவிட்டார்.

இனி என் சங்கதி. சிரிக்காதே. நான் புதுச்சேரிக்குப் போனேன். உன் டாக்டரம்மாவிடம்தான். அன்றைக்கு உங்களோடு வரிசையில் நின்றுவிட்டு வந்த பிறகு ரோஸ் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் உன் முகம் வந்தது. அத்தனை பெண்களும் நடுரோட்டில் நடந்துபோய் மூத்திரம் வருகிறது என்று சொல்கிறார்கள், எனக்கு ஒரு எரிச்சலைச் சொல்ல வாய் வரவில்லையே என்று இருந்தது.

எனக்கும் இருக்கிறது. அதே கிருமி. இரைப்பையில் புண். சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்துவிட்டார்கள், கேன்சர் இல்லை. அந்த ரிப்போர்ட் வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ அதையே இத்தனை மாதமாகப் பட்டுக்கொண்டிருக்கிறாய். உன்னைக் காரில் ஏற்ற வந்தேனே, உனக்குள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சரி, மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்று எழுதியவள்தான், இப்போது கேட்கிறேன். வைத்துக்கொள்.

எனக்கும் நான்கு வேளை. மதியம்தான் கடையில் கூட்டம். முதல் நாள் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டு போட்டேன். இரண்டாம் நாள் சாம்பார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போகமுடியவில்லை. பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயே, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வாயில் போட்டேன். தாலுகா ஆபீஸ் ஆள் ஒருத்தர், வாடிக்கைக்காரர், "என்னம்மா மாத்திரை?" என்று கேட்டார். தலைவலி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"வயித்துல கிருமி" என்றேன். "எங்க தங்கச்சிக்கு இதாலதான் வயித்துல கேன்சர் கட்டி வந்துச்சு. எனக்குப் புண்ணோட நின்னுடுச்சு. மாத்திரை போடுறேன், ரெண்டு வாரத்துல செத்துரும். சோத்த நான் கைய சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் போடுறேன். பயமா இருந்தா இலைய மூடிட்டுப் போங்க, காசு வேணாம்."

இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். தாலுகா ஆபீஸ்காரர் ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றும்போது மெதுவாக, "அந்த டாக்டர் எந்த நாள்ல பாப்பாங்க?" என்று கேட்டார். அவருக்கும் எத்தனை வருஷமாக எரிகிறதோ.

எழுந்து போன இரண்டு பேரும் இன்னும் வரவில்லை. போகட்டும்.

உன் வயிற்றில் இருக்கிற அதுவும் போய்விட்டதா? குழாய் விட்டுப் பார்க்க ஜனவரி ஆகும் என்று சரண்யா சொல்கிறாள். அதுவரை நான் என்ன செய்ய? சொல்லு. சும்மா இருக்க எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அம்சவள்ளி


மரக்காணம்
11 ஜனவரி 2026

அக்காவுக்கு,

குழாய் விட்டுப் பார்த்தாகிவிட்டது. சதை கிள்ளி எடுத்த ரிப்போர்ட்டும் நேற்று வந்துவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முழுதாகப் போகவில்லை. முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை, ஆனால் சின்னதாகத் திட்டுத்திட்டாக இன்னும் இருக்கிறது.

இவர் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. நான் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன், "அறுக்கணுமா?" என்று. "வேணாம். குறைஞ்சுட்டே வருது, வளரல, வேற எங்கயும் போகல. சில பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேலகூட ஆகும். இப்ப அவசரப்பட்டா தேவையில்லாம வயித்த இழப்பீங்க. விடாம வந்து காட்டுங்க, காத்திருப்போம்" என்றார்கள்.

மறுபடியும் காத்திருப்பதுதான் வைத்தியம். இதைப் படித்ததும் உன் கை கார்க்காரர் நம்பரைத் தேடும் என்று எனக்குத் தெரியும். தேடாதே. எனக்குப் பயமே இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். பயமாகத்தான் இருக்கிறது. சரண்யா தூங்கும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருந்தாலும் பயத்துக்காக வயிற்றைக் கொடுக்கமாட்டேன். இந்த வருஷம் அது வற்றலாம், வற்றாமலும் போகலாம். வற்றாவிட்டால் அடுத்த வைத்தியத்துக்கு நானே நடந்து போவேன், உன்னையும் கூட்டிக்கொண்டு. யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

சும்மா இருக்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தாயே. எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் நீ கடையில் நின்று அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னாய் பார், அதைப் படித்த பிறகு எனக்கு இது முடியும் என்று தோன்றியது. அந்தக் கடிதத்தைக் கொளஞ்சியம்மாளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். உன் மன்னிப்பை மட்டும் படிக்கவில்லை. அது எனக்கு.

மழைத் தண்ணீர் வடிந்துவிட்டது. பொங்கல் முடிந்ததும் தரையை இறுக்கப் பாத்தி மிதிக்க இறங்குகிறோம். தகரக் கொட்டகைக்கு முதலாளி இந்த வருஷம் கூரை போட்டுவிட்டார். பக்கத்து உப்பளத்து முதலாளியின் ஆட்களும் எங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள். அவருக்கும் ஒரு நாள் தண்ணீர் குடித்துக் காட்ட வேண்டும் என்று பொன்னி துடிக்கிறாள்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். என் குரலை ஸ்பீக்கரில் போட்டுக்கொள். கடையே கேட்கட்டும், எனக்கு என்ன வந்தது.

முதல் உப்பு வாரும் அன்றைக்கு வா. காரில் வேண்டாம், பஸ்ஸில் வா. செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு இறங்கு. வானூரில் பஸ் ஏறும் முன் வயிறு முட்டத் தண்ணீர் குடி. இங்கே போக இடம் இருக்கிறது.

மலர்கொடி